பூட்டிக் கிடந்த அமிலம்: தட்டணுக்களைப் பற்றிய வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, இதய நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் ஏன் நாள்தோறும் தரப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் எழுதியபோது, "இரத்தத் தட்டணுக்கள் தூண்டப்படும்போது அவற்றின் சவ்விலிருந்து ஒரு கொழுப்பு அமிலம் விடுபடுகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. விளக்கம் கேட்டவர்களின் கேள்விகள் அனைத்தும் நியாயமானவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கொழுப்பு அமிலம் என்று எழுதியிருக்கிறீர்களே, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உணவில் கொழுப்பைக் குறைத்தால் இதுவும் குறைந்துவிடுமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: தொடர்பு இல்லை, அம்மா. பரிசோதனை அறிக்கையில் வரும் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இரத்த நீரில் புரதங்களோடு சேர்ந்து மிதந்து செல்பவை. நான் குறிப்பிட்ட கொழுப்பு அமிலம் தட்டணுவின் உடம்பிலேயே, அதன் சவ்வைக் கட்டியிருக்கும் பொருளின் ஒரு பகுதியாக இருக்கிறது.

தட்டணு என்பது காயத்தில் இரத்தம் உறைய உதவும், 2 முதல் 3 மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள, உட்கரு இல்லாத, தட்டையான ஒரு சிறு அணு. ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. அதன் வெளிச்சவ்வும் உட்சவ்வுகளும் பாஸ்போலிப்பிடு என்னும் மூலக்கூறுகளால் ஆனவை. ஒவ்வொரு பாஸ்போலிப்பிடிலும் மூன்று கார்பன்கள் கொண்ட கிளிசரால் முதுகெலும்பாக இருக்க, அதன் ஒரு முனையில் பாஸ்பேட்டுத் தலையும், மறுமுனையிலும் நடுவிலும் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் பிணைந்திருக்கும். முனையில் இருப்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் போன்ற நிறைவுற்ற அமிலம். நடுக் கார்பனில்தான் நமது கதைக்குரியது இருக்கிறது: 20 கார்பன்களும் நான்கு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அராக்கிடோனிக் அமிலம். மனிதத் தட்டணுவின் பாஸ்போலிப்பிடுகளில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ கால் பங்கு இந்த ஒன்றே.

இவ்வளவு மிகுதியாக இருந்தும், அமைதியாகச் சுற்றிவரும் தட்டணுவுக்குள் தனித்து, பிணைப்பின்றி இருக்கும் அராக்கிடோனிக் அமிலம் மிக மிகக் குறைவு. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் முற்றத்தில் ஒரு மணி கூடச் சிந்தாத வீட்டைப் போன்ற நிலை இது. உங்கள் கணவரின் கொலஸ்ட்ராலைக் குறைப்பது இரத்தக் குழாயின் சுவருக்கு மிகவும் நல்லது. அதை விடாமல் செய்யுங்கள். ஆனால் அதனால் இந்தப் பத்தாயம் காலியாவதில்லை.

கேள்வி: பூட்டி வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? தேவையான பொருள்தானே, தயாராக வெளியிலேயே இருந்தால் என்ன கெட்டுவிடும்? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உயிரே போய்விடும் என்பதைத்தான் 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. மெல்வின் சில்வரும் பிரையன் ஸ்மித்தும் அவர்களுடைய சகாக்களும், முயல்களின் காதில் உள்ள இரத்தக் குழாயில் அராக்கிடோனிக் அமிலத்தின் சோடியம் உப்பை மிகச் சிறிய அளவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவாகச் செலுத்தினார்கள். முயல்கள் மூன்று நிமிடங்களுக்குள் இறந்தன. நுரையீரலின் நுண்ணிய குழாய்களைத் தட்டணுக் கட்டிகள் அடைத்திருந்தன. வேறு கொழுப்பு அமிலங்களைச் செலுத்தியபோது அவ்வாறு நிகழவில்லை. முன்கூட்டியே ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட முயல்கள் பிழைத்துக்கொண்டன.

அதற்கு முந்தைய ஆண்டே, சோதனைக் குழாயில் இருக்கும் மனிதத் தட்டணுக்களின் மீது இந்த அமிலத்தைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன என்பதை இதே குழுவினர் காட்டியிருந்தார்கள். ஆகவே இது வெறும் கட்டுமானப் பொருள் அன்று. காயம் பட்ட கணத்தில், காயம் பட்ட இடத்தில் மட்டும் வெளியே வரவேண்டிய ஒரு மூலப்பொருள். அதை எப்போது, எங்கே, எவ்வளவு விடுவிப்பது என்ற கட்டுப்பாடுதான் தட்டணுவின் உயிரியலில் எனக்கு எப்போதும் மிகுந்த வியப்பைத் தரும் பகுதி.

கேள்வி: சரி, பூட்டை எது திறக்கிறது? பாடநூலில் ஓரிடத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்றும், வேறோரிடத்தில் பாஸ்போலிப்பேஸ் சி என்றும் எழுதியிருக்கிறார்கள். எது சரி? (முதுகலை உயிர்வேதியியல் மாணவி, திருச்சி)

பதில்: உங்கள் குழப்பம் உங்களுடையது மட்டும் அன்று. 1970-களின் இறுதியில் இத்துறையின் சிறந்த ஆய்வகங்கள் இரு தரப்பாகப் பிரிந்து வாதிட்ட கேள்வி இது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்ததும் அடியில் இருக்கும் கொலாஜன் இழைகள் வெளிப்படுகின்றன. இரத்தம் உறையத் தொடங்கியதும் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது. இவ்விரண்டும் தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைத் தொட்டவுடன், உள்ளே பாஸ்போலிப்பேஸ் சி என்னும் நொதி வேலைக்கு வருகிறது. அது பாஸ்பாடிடைல் இனோசிட்டால் வகைப் பாஸ்போலிப்பிடுகளின் தலைப்பகுதியை வெட்டி எறிகிறது. வெட்டுண்ட தலை, உட்சவ்வுப் பைகளில் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை வெளியே விடும்படி சமிக்ஞை தருகிறது. அமைதி நிலையில் சுமார் 100 நானோ மோலாராக இருந்த கால்சியத்தின் செறிவு நொடிகளுக்குள் பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. சவ்விலேயே தங்கிவிடும் எஞ்சிய பகுதிக்கு டைஅசைல்கிளிசரால் என்று பெயர். அதன் நடுக் கார்பனில் அராக்கிடோனிக் அமிலம் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1979-ஆம் ஆண்டில், செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் மஜீரஸ் குழுவினர், தட்டணுக்களில் இந்த டைஅசைல்கிளிசராலைப் பிளந்து அராக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும் லிப்பேஸ் நொதி இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் சூசன் ரிட்டன்ஹவுஸ்-சிம்மன்ஸ், த்ராம்பின் பட்ட தட்டணுக்களில் டைஅசைல்கிளிசரால் சில நொடிகளிலேயே தோன்றிப் பிறகு மறைந்துவிடுவதை அளந்து காட்டினார். பாஸ்பாடிடைல் இனோசிட்டால்தான் ஊற்று, முதலில் பாஸ்போலிப்பேஸ் சி, பிறகு லிப்பேஸ் என்ற இரண்டு படிப் பாதையே முதன்மையானது என்று ஒரு தரப்பினர் கருதியதற்கு இவை வலுவான சான்றுகளாக இருந்தன.

மறுதரப்பினரின் வாதம் கணக்கைச் சார்ந்தது. மனிதத் தட்டணுவின் பாஸ்போலிப்பிடுகளில் பாஸ்பாடிடைல் இனோசிட்டால் சுமார் 5 விழுக்காடுதான். பாஸ்பாடிடைல் கோலின் 40 விழுக்காட்டை ஒட்டியும், பாஸ்பாடிடைல் எத்தனோலமைன் கால் பங்குக்குச் சற்று மேலும் இருக்கின்றன. வலுவான தூண்டுதலில் வெளிவரும் அமிலத்தின் அளவு முழுவதையும் அந்தச் சிறிய 5 விழுக்காடு மட்டும் தந்துவிட முடியாது. மேலும், தூண்டப்பட்ட தட்டணுக்களில் லைசோ பாஸ்போலிப்பிடுகள், அதாவது நடுக் கொழுப்பு அமிலத்தை மட்டும் இழந்து நிற்கும் பாஸ்போலிப்பிடுகள், சேர்வதும் கண்டறியப்பட்டது. நடுப் பிணைப்பை ஒரே வெட்டில் அறுக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2-வின் கைத்தடம் அது.

1991-ஆம் ஆண்டில் அந்த நொதியின் மரபணுவே பிரித்தெடுக்கப்பட்டது. செல்லின் திரவப் பகுதியில் இருக்கும், சுமார் 85 கிலோ டால்டன் எடையும் 749 அமினோ அமிலங்களும் கொண்ட இந்தப் பாஸ்போலிப்பேஸ் ஏ2, அராக்கிடோனிக் அமிலம் நடுவில் இருக்கும் பாஸ்போலிப்பிடுகளையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. அதன் ஒரு முனையில் கால்சியத்தைப் பற்றும் பகுதி உண்டு. கால்சியம் குறைவாக இருக்கும்போது நொதி திரவத்தில் சும்மா மிதக்கிறது. கால்சியம் உயர்ந்ததும் சவ்வின் மீது போய் அமர்ந்து வெட்டத் தொடங்குகிறது. கைனேஸ் நொதிகள் அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றும்போது அதன் வேகம் இன்னும் கூடுகிறது.

இன்று நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்: இரண்டு நொதிகளும் தேவை, ஆனால் வெவ்வேறு வேலைக்கு. பாஸ்போலிப்பேஸ் சி கால்சியத்தை எழுப்பி விடுகிறது. அமிலத்தில் பெரும் பங்கை உண்மையில் வெட்டி எடுப்பது பாஸ்போலிப்பேஸ் ஏ2. தேர்வில் ஒரே வரியில் எழுத வேண்டியிருந்தால் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்று எழுதுங்கள். இடம் இருந்தால் மற்றதையும் எழுதுங்கள், ஏனெனில் பாஸ்போலிப்பேஸ் சி எழுப்பாமல் பாஸ்போலிப்பேஸ் ஏ2 எழுவதில்லை.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத தட்டணுவின் சவ்விலிருந்து குறிப்பிட்ட ஒரே ஒரு கொழுப்பு அமிலம் மட்டும் வெளிவந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: தெளிவாகச் சிந்தித்தவர்களின் எளிய உத்தி அது, ஐயா. தட்டணுக்களுக்கு வெளியிலிருந்து கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால் அவை அதை எடுத்துத் தங்கள் சவ்வில் கட்டிக்கொள்ளும். ஆகவே கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனைக் கொண்ட அமிலத்தைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கழுவி நீக்கினால், சவ்வில் அடையாளமிட்ட அமிலம் மட்டும் இருக்கும். அதன்பிறகு த்ராம்பினைச் சேர்த்து, குறித்த நொடியில் வினையை நிறுத்தி, கொழுப்புப் பொருள்களைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஓடவிட்டால், கதிரியக்கம் எந்தப் பாஸ்போலிப்பிடிலிருந்து குறைந்தது, எந்தப் புதிய பொருளாகக் கூடியது என்பதை இடம் வாரியாக அளந்துவிடலாம்.

பில்ஸ், ஸ்மித், சில்வர் ஆகிய மூவர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் அராக்கிடோனிக் அமிலத்தோடு நிற்கவில்லை. ஒலியிக், ஸ்டியரிக் போன்ற வேறு அமிலங்களையும் தனித்தனியே அடையாளமிட்டு அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். த்ராம்பின் பட்டதும் பாஸ்பாடிடைல் கோலினிலிருந்தும் பாஸ்பாடிடைல் இனோசிட்டாலிலிருந்தும் அராக்கிடோனிக் அமிலம் குறைந்தது; மற்றவை குறிப்பிடத்தக்க அளவில் அசையவில்லை. சவ்வு ஏதோ கிழிந்து எல்லாம் கொட்டவில்லை, தேர்ந்தெடுத்த ஒன்று மட்டும் விடுவிக்கப்படுகிறது என்ற முடிவு அந்த ஒப்பீட்டால்தான் உறுதியானது. ஒப்பீடு இல்லாமல் அராக்கிடோனிக் அமிலத்தை மட்டும் அளந்திருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும்.

கால்சியத்தின் பங்கையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் நிறுவினார்கள். ஏ23187 என்ற பொருள் கால்சிய அயனியைச் சுமந்துகொண்டு சவ்வைக் கடக்கக்கூடியது. அதைச் சேர்த்தபோது, த்ராம்பினோ கொலாஜனோ இல்லாமலேயே தட்டணுக்கள் அமிலத்தை விடுவித்தன. கால்சியம் உயர்ந்தாலே பூட்டு திறக்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

இந்த ஆய்வில் தட்டணுவைக் கையாள்வதே ஒரு பயிற்சி. நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, இரத்தத்தை மெதுவாகச் சுழற்றி எடுத்த மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இலேசாகச் சுழற்றிப் பார்க்கச் சொல்வார்கள். தட்டணுக்கள் தட்டையாக, அமைதியாக இருந்தால் உள்ளே பட்டுத் துணியின் பளபளப்பைப் போல ஒளி அலை அலையாக ஓடும். அவை ஏற்கெனவே தூண்டப்பட்டு உருண்டையாகியிருந்தால் அந்தப் பளபளப்பு இராது. அன்றைய சோதனையைத் தொடங்குவதில் பயனில்லை. குழாயைச் சற்று வேகமாக ஆட்டியதாலும், குளிர்பெட்டியில் வைத்ததாலும் ஒரு நாள் உழைப்பை இழந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: விடுபட்ட அமிலம் பிறகு என்ன ஆகிறது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, சைக்ளோ-ஆக்சிஜனேஸ்-1 என்னும் நொதி. இது அமிலத்தோடு ஆக்சிஜனைச் சேர்த்து நிலையற்ற ஓர் இடைப்பொருளாக்க, அடுத்த நொதி அதைத் திராம்பாக்ஸேன் ஏ2 ஆக மாற்றுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெங்ட் சாமுவேல்சனும் மாட்ஸ் ஹாம்பெர்க்கும் யான் ஸ்வென்சனும் 1975-ஆம் ஆண்டில் கண்டறிந்த இந்தப் பொருள், உடல் வெப்பநிலையில் சுமார் அரை நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடுகிறது. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. உருவான இடத்திலிருந்து வெகு தூரம் போக நேரம் இல்லாத இந்தப் பொருள், பக்கத்தில் இருக்கும் தட்டணுக்களின் ஏற்பிகளைத் தொட்டு, அவற்றிலும் கால்சியத்தை உயர்த்தி, அவற்றையும் அமிலத்தை விடுவிக்கச் செய்கிறது. முதலில் தூண்டப்பட்ட சில தட்டணுக்கள் அருகில் உள்ள நூற்றுக்கணக்கானவற்றை அழைத்துக்கொள்வது இவ்வாறுதான். அதோடு, காயம் பட்ட குழாயையும் அது சுருங்கச் செய்கிறது.

இரண்டாம் வழி, 12-லிப்பாக்சிஜனேஸ் என்னும் வேறொரு நொதி. பாலூட்டிகளின் உடலில் முதன்முதலில் கண்டறியப்பட்ட லிப்பாக்சிஜனேஸ் இதுவே. 1974-ஆம் ஆண்டில் மனிதத் தட்டணுக்களில்தான் அது தென்பட்டது. இது தரும் 12-ஹீட் (12-HETE) என்ற பொருளின் பணி பற்றி இன்றும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.

மூன்றாம் வழியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: திரும்பிப் போவது. விடுபட்ட அமிலத்தில் ஒரு பகுதியைத் தட்டணு மீண்டும் துணைநொதி ஏ-யுடன் பிணைத்து, நடு இடம் காலியாக நிற்கும் லைசோ பாஸ்போலிப்பிடில் பொருத்திவிடுகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் ஓயாமல் நடப்பதால், ஒரு குறித்த நேரத்தில் தனித்து இருக்கும் அமிலத்தின் அளவு இவ்விரண்டு வேகங்களின் வேறுபாடே ஆகும்.

கேள்வி: அப்படி ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போனால், ஒரு சிறு கீறலுக்கே உடம்பில் உள்ள இரத்தம் முழுவதும் கட்டியாகிவிடாதா? (வாசகி, சேலம்)

பதில்: ஆகாது. திராம்பாக்ஸேன் ஏ2-வின் அரை நிமிட ஆயுள் ஒரு காரணம். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதம் தனித்து வெளிவரும் கொழுப்பு அமிலத்தைப் பற்றிக்கொள்வது இன்னொரு காரணம். மிக அழகான காரணம் குழாயின் உட்சுவர்ச் செல்களில் இருக்கிறது. அவையும் அதே அராக்கிடோனிக் அமிலத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் அதிலிருந்து புராஸ்டாசைக்ளின் என்ற எதிர்ப்பொருளை ஆக்குகின்றன. அது தட்டணுவை அமைதிப்படுத்துகிறது. குழாயை விரியச் செய்கிறது. 1976-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அருகே ஜான் வேனின் ஆய்வகத்தில் இது கண்டறியப்பட்டது. ஒரே மூலப்பொருள், சேரும் இடத்தைப் பொறுத்து, இரத்தம் உறையவும் உறையாமல் இருக்கவும் உதவுகிறது. சுவர் சேதமில்லாமல் இருக்கும் இடத்தில் தட்டணுக் கட்டி பரவாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஆஸ்பிரின் இந்த அமிலம் வெளிவருவதைத் தடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாமா? தலைவலி மாத்திரையாக வேறு எதை எடுத்தாலும் அதே பலன்தானா? (வாசகர், சென்னை)

பதில்: இல்லை, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஆஸ்பிரின் பூட்டைத் தொடுவதில்லை. பூட்டு திறந்த பிறகு அமிலம் போகும் முதல் வழியை மட்டும் அடைக்கிறது. ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவரின் தட்டணுக்களில் த்ராம்பினைச் சேர்த்தால் அராக்கிடோனிக் அமிலம் விடுபடவே செய்யும். திராம்பாக்ஸேனாக மாற முடியாததால் லிப்பாக்சிஜனேஸ் வழியில் கூடுதலாகச் செல்லும். கொலாஜனைப் போன்ற தூண்டிகளைச் சிறிய அளவில் கொடுக்கும்போது மட்டும், திராம்பாக்ஸேனின் மறுதூண்டல் இல்லாமல் போவதால், விடுபடும் அளவும் குறைந்து காணப்படும். அது ஆஸ்பிரினின் மறைமுக விளைவு.

ஆஸ்பிரின், சைக்ளோ-ஆக்சிஜனேஸ் நொதியில் உள்ள ஒரு செரின் அமினோ அமிலத்தின் மீது தன் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அராக்கிடோனிக் அமிலம் நுழைய வேண்டிய குறுகிய வழி அதனால் நிரந்தரமாக அடைபடுகிறது. மற்ற செல்கள் புதிய நொதியை ஆக்கிக்கொள்ளும். உட்கரு இல்லாத தட்டணுவால் போதிய அளவுக்கு அவ்வாறு செய்ய இயலாது. அது தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும் வரை அப்படியேதான் சுற்றி வரும். நாள்தோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வருவதால் விளைவு சிறிது சிறிதாகவே நீங்குகிறது. 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே நாள்தோறும் போதுமானதாக இருப்பதும், சில அறுவை சிகிச்சைகளுக்குப் பல நாட்களுக்கு முன்பே அதை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பதும் இதனால்தான். அந்த முடிவு மருத்துவருடையது. ஸ்டென்ட் வைத்தவர்கள் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

இபுபுரோஃபென் வேறு விதம். அது அதே குறுகிய வழியில் சற்று நேரம் நின்றுவிட்டு விலகிவிடும். அது நிற்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால், ஆஸ்பிரின் தன் செரினை எட்ட முடியாமல் போய், சற்று நேரத்தில் உடலிலிருந்தே நீங்கிவிடும். இருவகை மாத்திரைகளையும் எடுப்பவர்கள் எதை முதலில், எவ்வளவு இடைவெளியில் எடுப்பது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பாரசிட்டமால் வழக்கமான அளவில் தட்டணுக்களை ஏறத்தாழத் தொடுவதில்லை.

ஆய்வகத்தில் இதை ஒருமுறை கண்ணாலேயே கண்டேன். தட்டணுக்கள் திரளும்போது பிளாஸ்மா தெளிந்து ஒளி கூடுதலாக ஊடுருவும். அதைக் கருவி கோடாக வரையும். இந்த முறையை 1962-ஆம் ஆண்டில் குஸ்டாவ் பார்ன் வகுத்தார். ஒரு நாள் நன்கொடையாளர் ஒருவரின் தட்டணுக்களில் அராக்கிடோனிக் அமிலத்தைச் சேர்த்தபோது கோடு சற்றும் எழவில்லை. த்ராம்பினுக்கு மட்டும் நன்றாக எழுந்தது. கருவி பழுதாகிவிட்டதோ என்று அரை நாள் தேடினோம். மூன்று நாட்களுக்கு முன் தலைவலிக்கு ஒரே ஓர் ஆஸ்பிரின் மாத்திரை எடுத்ததாக அவர் பிறகு சொன்னார். மருத்துவமனைகளில் தட்டணுச் செயல் சோதனைக்கு முன்பு கடந்த பத்து நாட்களில் என்னென்ன மாத்திரைகள் எடுத்தீர்கள் என்று கேட்கும்போது, சிறியது என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அராக்கிடோனிக் என்ற பெயர் வேர்க்கடலையிலிருந்து வந்தது என்று படித்தேன். கடலை எண்ணெயில் சமைத்தால் தட்டணுக்களில் இது கூடுமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: பெயர் அங்கிருந்துதான் வந்தது, பொருள் அங்கு இல்லை. வேர்க்கடலையின் தாவரப் பெயர் அராக்கிஸ். அதன் எண்ணெயில் சிறிதளவு காணப்படும், இரட்டைப் பிணைப்பே இல்லாத 20 கார்பன் அமிலத்துக்கு அராக்கிடிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நம்முடைய அமிலத்தின் நான்கு இரட்டைப் பிணைப்புகளையும் ஹைட்ரஜனால் நிரப்பினால் அதே அராக்கிடிக் அமிலம் கிடைப்பதால், அந்தப் பெயரின் சாயலில் இதற்கும் பெயர் அமைந்தது. கடலை எண்ணெயில் அராக்கிடோனிக் அமிலம் இல்லை. முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில் உண்டு.

மரக்கறி மட்டுமே உண்பவர்களின் தட்டணுக்களிலும் இது தாராளமாக இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் உள்ள லினோலியிக் அமிலத்திலிருந்து உடல் தனக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்கிறது. அதன் அளவையும் உடலே கட்டுக்குள் வைத்திருப்பதால், எண்ணெயைக் கூட்டியதற்கு ஏற்ப அது கூடிக்கொண்டே போவதில்லை.

கேள்வி: மீன் எண்ணெய் இரத்தத்தை இளக்கும் என்கிறார்களே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: 1970-களில் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டையர்பெர்க் என்ற இரு மருத்துவர்கள், கடல் உணவையே பெரிதும் உண்ட கிரீன்லாந்தின் இனுவிட் மக்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்குக் காயத்திலிருந்து இரத்தம் வடிவது நிற்க நேரம் கூடுதலாவதையும், அவர்களின் தட்டணுக்களில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஐந்து இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஈ.பி.ஏ. என்ற அமிலம் மிகுந்திருப்பதையும் கண்டார்கள். அது விடுபட்டால் உருவாகும் திராம்பாக்ஸேன் ஏ3 வலுவற்றது. உங்கள் ஊரில் கிடைக்கும் மத்தி மீனிலும் கானாங்கெளுத்தி மீனிலும் ஈ.பி.ஏ. உண்டு, உண்ணுங்கள். ஆனால் ஆஸ்பிரினுக்கு மாற்றாக அதைக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: டெங்கு காய்ச்சலில் தட்டணு குறையும்போது வலி மாத்திரை கொடுக்கலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்கவே கூடாது. எண்ணிக்கை குறைந்த நிலையில், எஞ்சியிருக்கும் தட்டணுக்களின் செயலையும் அவை தடுத்துவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமாலை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஆஸ்பிரின் ஒரு வழியை மட்டுமே அடைக்கிறது என்றால், அமிலம் வெளிவருவதையே தடுக்கும் மருந்தை ஏன் உருவாக்கக் கூடாது? (மருந்தியல் மாணவர், மதுரை)

பதில்: அதற்கான முயற்சிகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன, பாஸ்போலிப்பேஸ் ஏ2-வைத் தடுக்கும் சேர்மங்கள் பலவற்றை ஆய்வகங்கள் உருவாக்கியும் இருக்கின்றன. தயக்கத்துக்குக் காரணம், அந்த நொதி தட்டணுவுக்கு மட்டும் உரியது அன்று. குடல், சிறுநீரகம், கருப்பை, குழாய்ச் சுவர் என்று பல இடங்களில் அதே நொதிதான் அதே அமிலத்தை விடுவித்து, அவ்விடங்களைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்கள் என்னும் பொருள்களுக்கு மூலப்பொருள் தருகிறது. குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு ஒரு வசதி உண்டு: குடலில் உறிஞ்சப்பட்டதும் கல்லீரலுக்குப் போகும் இரத்தத்திலேயே தட்டணுக்களைச் சந்தித்துத் தன் வேலையை முடித்துவிடுகிறது, பிற உறுப்புகளை அடைவது குறைவு. பூட்டையே அடைக்கும் மருந்துக்கு அத்தகைய வசதி அமைவது எளிதன்று.

அந்த நொதி பிறப்பிலேயே செயலிழந்த மனிதருக்கு என்ன நேரும் என்பதை 2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் ஆராயப்பட்ட ஒரு நோயாளிக்கு, பாஸ்போலிப்பேஸ் ஏ2 மரபணுவின் இரண்டு நகல்களிலும் பிழை இருந்தது. அவருடைய சிறுகுடலில் திரும்பத் திரும்பப் புண்கள் ஏற்பட்டன. உடல் முழுவதும் புராஸ்டாகிளாண்டின் வகைப் பொருள்களின் உற்பத்தி மிகவும் குறைந்திருந்தது. அவருடைய தட்டணுக்கள் திராம்பாக்ஸேனையும் 12-ஹீட்டையும் மிகக் குறைவாகவே ஆக்கின. திருச்சி மாணவியின் கேள்விக்கு நான் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்று பதில் சொன்னதற்கு மனித உடலிலிருந்தே கிடைத்த சான்று இதுதான். கொலாஜனைச் சேர்த்தபோது அந்தத் தட்டணுக்கள் சரியாகத் திரளவில்லை. தாமே விடுவிக்க முடியாத அராக்கிடோனிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்த்துப் பார்த்தபோது, மற்றவர்களின் தட்டணுக்களைப் போலவே அவையும் இயல்பாகத் திரண்டன.